அட்மின் உரிமையைப் பறித்தது ஏன்?

கே: ஓசூர் சிப்காட் ஆலை அலுவலகத்தில் எங்களுக்கு விர்ச்சுவல் மெஷின்தான். அதிலும் அட்மின் உரிமையைப் பறித்துவிட்டார்கள். எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?

ப: ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் லாரியை மடக்குவது சரக்கைப் பார்க்க, ஓட்டுநர் மேல் கோபத்தால் அல்ல. நீங்கள் தெரியாமல் திறந்த கோப்பில் வைரஸ் இருந்தால், உங்களுக்குள்ள அதிகாரம் முழுவதும் அதற்கும் கிடைத்துவிடும். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019இல் இணையத்தோடு இணைந்த நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்தது. உலையை இயக்கும் வலை தனியே இருந்ததால் அங்கே எட்டவில்லை. 'மெஷின் கெட்டால் அழித்துப் புதிதாக்கலாமே' என்பீர்கள். ஆக்கலாம். ஆனால் பகிர்வுக் கோப்புகளும் சர்வரும் அதே வலையில்தானே இருக்கின்றன! வேலை தடைபடுகிறது என்பது மட்டும் நியாயமான புகார். தேவையான நேரத்துக்கு மட்டும் உரிமை கேளுங்கள். தர இழுத்தடித்தால் ஐ.டி. பிரிவோடு சண்டை போடுங்கள், நான் உங்கள் பக்கம்.