வியாழக்கிழமை பாவா

கூத்தாநல்லூர்க் கடைவீதியில் வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு புகை கிளம்பினால், தீப்பிடித்துவிட்டதென்று யாரும் ஓடுவதில்லை. பாவா வருகிறார் என்று கல்லாவில் சில்லறை தேடுவார்கள். பச்சைத் தலைப்பாகை, கழுத்து தாங்காத மணிமாலைகள், ஒரு கையில் சாம்பிராணிச் சட்டி, மறு கையில் மயிலிறகு. புகை போட்டு துஆ ஓதியதும் கை நீளும். நகராட்சி வரி வசூல்காரருக்குக்கூட அவ்வளவு மிடுக்கு கிடையாது.

"பிச்சை எடுக்கக் கூடாதுன்னு 1945-லயே சட்டம் போட்டாச்சு, தெரியுமா பாவா?" என்று புதுக் கடைக்காரர் ஒருவர் கேட்டார்.

"அது பிச்சைக்காரனுக்குத் தம்பி. இது ஒங்க அத்தா காலத்துலேர்ந்து எனக்கு வர்ற பங்கு."

25 காசை அரசாங்கம் 2011-ல்தான் செல்லாக்காசாக்கியது. பாவா அதற்கு ரொம்ப முன்பே ஆக்கிவிட்டார். 50 காசு இன்றும் செல்லும் என்கிறது ரிசர்வ் பேங்க். "பம்பாய்ல சொன்னா ஆச்சா? கைய நீட்டுறவன் சொல்ல வேணாமா?" என்கிறார் பாவா.

எல்லாவற்றுக்கும் காரணம் ஊர்தான். சின்ன சிங்கப்பூர் என்று பேரெடுத்த ஊரில் வெளிநாட்டில் சம்பாதிக்கும் எந்தச் சபுராளி எப்போது வந்து இறங்கினார் என்பது சம்பந்தி வீட்டுக்கு முன்பே பாவாவுக்குத் தெரிந்துவிடும். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவார். "கோடாலித் தைலம் வாசம் வருதே லாத்தா, சபுராளி எப்ப வந்தாஹ?" டாலர், ரிங்கிட், தினார் எல்லாவற்றுக்கும் அன்றைய விலை அவர் நாக்கு நுனியில் இருக்கும். "டாலர் ஏறிப்போச்சு லாத்தா, பத்து ரூவா இனிமே கட்டுப்படியாவாது."

நோன்பு மாதத்தில் பொறுப்பு கூடிவிடும். சாயங்காலம் பள்ளிவாசல் கஞ்சியை ருசி பார்த்து, வெந்தயம் குறைச்சல் என்று தீர்ப்பு சொல்ல வேண்டும். சஹருக்கு தாயிரா அடித்துத் தெருவை எழுப்ப வேண்டும். செல்போன் அலாரத்தை அமுக்கிவிட்டுத் தூங்கலாம், பாவாவை அமுக்க முடியாது. வீட்டில் விளக்கு எரியும்வரை நகரமாட்டார். பெருநாளன்று கணக்கு வந்து சேரும். "ஒங்க வீட்டுல மட்டும் தெனம் ரெண்டு தடவ எழுப்புனேன். டபுளாப் போடுங்க."

நாகூர்க் கந்தூரிக்கு 14 நாள் லீவு. அந்தப் பாக்கியை முன்கூட்டியே வசூலித்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார்.

போன தடவை ஊருக்கு வந்த சபுராளி ஒருவர் பொறுக்கமாட்டாமல், "ஒழச்சுத் திங்கக் கூடாதா பாவா?" என்றார். பாவா மயிலிறகை நிறுத்தினார்.

"நீங்க கடல் தாண்டிப் போயி வாங்கிட்டு வர்றிய. நான் தெரு தாண்டி வந்து வாங்குறேன். எனக்கு விசா வேணாம், அவ்வளவுதான்."

வாயடைத்துப்போன சபுராளி 50 ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். பாவா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது போன வருஷத்து ரேட்டுல்ல?"