கைவினைக் கிட்டார் பற்றி மூவூரார் கொண்ட கருத்துகள்: ஒரு திணைவழி ஆய்வு

விலை உயர்ந்த கைவினை அக்கூஸ்டிக் கிட்டாரைப் பற்றி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூவூர் வாசிப்பாளரிடையே வழங்கும் கருத்துகளைத் தொகுத்து, வகுத்து, இயன்ற இடத்தில் வழிமொழிந்து, இயலாத இடத்தில் தலையாட்டி வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அக்கருத்துகளுக்கு உரிய கிட்டார்கள் மேற்படி ஊர்களில் அநேகமாக இல்லை என்பது ஆய்வுக்கு இடையூறாகவில்லை. பொருள் கண்முன் இருந்திருந்தால் கருத்து இவ்வளவு செழித்திருக்குமா என்பதே ஐயம். களப்பணி டீக்கடைகளிலும், கிட்டார் வகுப்பு நடக்கும் மாடி வீட்டு வாசல்களிலும், ஞாயிறு ஆராதனை முடிந்து மைக் ஒயர் சுருட்டும் வேளையிலும் நடைபெற்றது.

தொல்காப்பிய நெறியில் முதல், கரு, உரி என்று பகுத்தால், இத்திணைக்கு முதற்பொருள் விலை. கருப்பொருள் மரம். உரிப்பொருள் ஏங்கலும் ஏங்கல் நிமித்தமும். 1842 முதல் இசைக்கருவி விற்றுவரும் அண்ணா சாலை மியூசி மியூசிகல் போன்ற கடைக்குள் நுழைந்து, சுவரில் தொங்கும் கருவியை அண்ணாந்து பார்த்து, விலைச்சீட்டைப் படித்து, ஒரு செட் கம்பி மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவது கைக்கிளை. கிட்டாருக்கு இவர் யாரென்றே தெரியாது. சம்பளத்துக்கு ஒவ்வாத தவணை போட்டு அதையே வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளைகள் தொட்டுவிடுவார்களே என்று பீரோவுக்கு மேல் ஏற்றிவைப்பது பெருந்திணை. இரண்டுக்கும் இடைப்பட்ட அன்பின் ஐந்திணைக்கு, அதாவது ரொக்கம் கொடுத்து வாங்கி நாள்தோறும் வாசிப்போருக்கு, மூவூரிலும் சான்று கிட்டவில்லை.

கட்சிகளைப் பார்க்குமுன் உரைகல்லைச் சொல்லிவிட வேண்டும். உலகின் எந்த மூலையில், எந்தக் கைவினைஞர் எத்தனை மாதம் இழைத்துச் செய்த கிட்டாராக இருந்தாலும், இங்கே கைக்கு வந்ததும் அதில் வாசிக்கப்படுவது 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ தொடக்கம்தான். அதில் தேறினால் நல்ல கிட்டார். தேறாவிட்டால், “செட்டிங் சரியில்லை மாஸ்டர்.” வாசித்தவர் விரல் சரியில்லை என்ற மூன்றாம் வழக்கு மூவூரிலும் இல்லை.

இனி அம்பத்தூர்க் கட்சி. இதை அளவைக் கட்சி எனலாம். தொழிற்பேட்டையில் லேத்தும் மில்லிங்கும் பார்த்துவிட்டு மாலையில் கிட்டார் எடுப்பவர்கள் இதன் தூண்கள். ஏனைய உலகத்தில் ‘கையால் செய்தது’ என்றால் புகழ்ச்சி. பேட்டையில் அது புகார். ஒரு பாகம் வரைபடப்படி வராமல், கடைசியில் அரம் போட்டு இழைத்து எப்படியோ பொருத்தினார்கள் என்பதற்குத்தான் இங்கே கைவேலை என்று பெயர். “ஆறு லட்சம் ரூபாய்க்குக் கையால செஞ்சிருக்கான்னா, மெஷின் வாங்கக் காசில்லையா அவனுக்கு?” என்று ஒரு டூல்ரூம் அண்ணன் கேட்டார். விடை சொல்ல ஆய்வாளருக்குப் போதிய கல்வி இல்லை. இக்கட்சியார் கிட்டாரை முதலில் வாசிப்பதில்லை, அளக்கிறார்கள். பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடைவெளி எவ்வளவு என்று ஃபீலர் கேஜ் விடுகிறார்கள், நட்டின் அகலத்துக்கு வெர்னியர் வைக்கிறார்கள். ஒலியைப் பற்றிக் கேட்டால், “டாலரன்ஸ்ல இருக்கு” என்கிறார்கள். இவர்களுக்கு உகந்த ஆசான் கலிஃபோர்னியாவின் பாப் டெய்லர். கிட்டார் செய்ய சி.என்.சி. எந்திரத்தைக் கூச்சமின்றிப் பட்டறைக்குள் கொண்டுவந்தவர்களில் முன்வரிசைக்காரர் அவர். ஒரு கழுத்தைப் போல இன்னொரு கழுத்து அச்சு அசலாக வரும் என்பதைவிட உயர்ந்த அழகியலை அம்பத்தூர் ஏற்காது.

ஆவடிக் கட்சி வேறு மாதிரி. டாங்க் செய்யும் ஊருக்கு நுண்ணிய செவி இருக்குமா என்று ஐயுறுவோர் அங்கே ஒரு ஞாயிறு காலை போய்ப் பார்க்கலாம். சபைக்குச் சபை கிட்டார். அங்கே கிட்டாரின் உடம்பு வெறும் பெட்டி, ஆன்மா என்பது பிக்கப்பும் ஒயரும். நல்ல கைவினைக் கிட்டாரின் மேல்பலகை மெலிந்து, தொட்டாலே அதிரும்படி செய்யப்பட்டிருக்கும். அதற்குத்தான் அத்தனை காசு. அதைக் கொண்டுபோய் மானிட்டர் ஸ்பீக்கருக்கு முன்னால் நிறுத்தினால் ஸ்பீக்கர் ஒலிக்கெல்லாம் தானும் அதிர்ந்து கூவத் தொடங்கும். போதகர் ஜெபத்தின் நடுவே திரும்பிப் பார்ப்பார். ஆகவே ஒலித்துளையில் ரப்பர் மூடி போட்டு, லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய அதிர்வை அடைத்துவிட்டுத்தான் ஆராதனை நடத்த முடியும். “பிரதர், கூவாத கிட்டார்தான் நல்ல கிட்டார்” என்பது ஆவடிச் சூத்திரம். ஆயினும் 1833-ல் தொடங்கிய மார்ட்டின் நிறுவனத்தின் ஆலை பென்சில்வேனியாவில் நாசரேத் என்ற ஊரில் இருப்பதால், அந்த ஒரு பிராண்டு மீது மட்டும் இங்கே விசுவாசம் குறைவதில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடியேறிய ஒரு பெரியவர் அது தம் ஊருக்கு அருகிலுள்ள நாசரேத் என்றே நெடுநாள் பெருமைப்பட்டு வந்தாராம். திருத்த யாருக்கும் மனம் வரவில்லை.

பூந்தமல்லிக் கட்சியின் கேள்வி ஒன்றே: வேனில் போட்டால் தாங்குமா? கல்யாண வரவேற்புக்கும் திருவிழாவுக்கும் ஓடும் மெல்லிசைக் குழுக்காரர்கள் கேட்பது இது. முழு மரப்பலகை காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், வறண்டால் சுருங்கும். உயர்ந்த கிட்டார்களை ஏறத்தாழ 45 சதவீத ஈரப்பதம் காக்கும் அறைக்குள் செய்கிறார்கள். செம்பரம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் ஐப்பசியில் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. வயிறு உப்பி, கம்பி எழும்பி, விரல் தேயும். பிளைவுட் கிட்டாருக்கு இந்தப் பிணி பெரிதாக இல்லை. எனவே மலிவே மேல் என்று இவர்கள் முடிவு கட்டியிருப்பதைக் கஞ்சத்தனம் என்று ஒதுக்க முடியாது. மூன்று கட்சிகளில் அறிவியலுக்கு மிக நெருங்கியது இதுதான் என்பது என் கருத்து. மற்றவர்களிடம் இதைச் சொல்லவில்லை.

இப்படி முரண்படும் மூவரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகிறார்கள்: முதுகுப் பலகை ஈட்டி மரமாக இருக்க வேண்டும். தோதகத்தி என்றும் இதைச் சொல்வோம். உலகம் ‘இந்தியன் ரோஸ்வுட்’ என்கிறது. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபின், 1969 வாக்கில் மார்ட்டின் தன் புகழ்பெற்ற டி-28 வகைக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரத்துக்கு மாறியது. அன்று முதல் இம்மரம் கப்பலேறிக் கடல்கடந்து, பளபளப்பேறி, சுங்கம் கட்டி, கூடலூருக்கும் நமக்கும் இடையே உள்ள தூரத்தைப் பூமியைச் சுற்றிக் கடந்து வருகிறது. இம்மரத்தைக் காக்கத் தமிழ்நாடு 1994-ல் தனிச் சட்டமே இயற்றியது. 2017 ஜனவரியில் இந்த மர இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, உலகெங்கும் கிட்டார்க்காரர்கள் அனுமதிச் சீட்டுக்கு அலைந்தார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல் விலக்குக் கிடைத்தது. ஈட்டி முதுகு இருந்தால் ‘பேஸ் இறங்கும், டிரெபிள் மணி போல நிற்கும்’ என்பது மூவூரின் பொது நம்பிக்கை. இதில் அவர்களைத் தனியே குற்றம் சொல்ல முடியாது. கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த பலாவில்தான் வாத்தியம் பேசும் என்று நம்பிய பரம்பரை இது. ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கும் ஒட்டு வீணைக்கும் இடையே தஞ்சாவூரில் நடக்காத வழக்கா?

இந்த இடத்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் குறுக்கிடுகிறார்கள். ஃபைல்ட் கிட்டார் பட்டறையின் ராஜர் பக்னாலிடம் ஆறு கிட்டார்கள் செய்யச் சொன்னார்கள். எல்லாம் ஒன்றுபோல். முதுகும் விலாவும் மட்டும் வேறு வேறு: பிரேசில் ரோஸ்வுட், நம் ஈட்டி, மஹாகனி, மேப்பிள், சப்பேலே, வால்நட். 52 வாசிப்பாளர்களை அழைத்து, மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டி வாசிக்கவிட்டார்கள். 2018-ல் முடிவு வெளிவந்தது. ஆறுக்கும் கிடைத்த மதிப்பெண் ஏறத்தாழ ஒன்றே. விலை மரத்தை மலிவு மரத்திலிருந்து பிரித்தறியவும் பெரிதாக முடியவில்லை. ஒலியின் பெரும்பங்கு மேல்பலகையைச் சேர்ந்தது என்பதைக் காட்ட, 1862-லேயே ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் முதுகையும் விலாவையும் காகித அட்டையில் செய்து ஒரு கிட்டாரை முடித்துவைத்தார். அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1995-ல் மேற்படி பாப் டெய்லர், சரக்கு அடுக்கும் பழைய பேலட் கட்டையை உடைத்து அதில் கிட்டார் செய்து காட்டினார். மேல்பலகைக்கு உரிய ஸ்ப்ரூஸ் குளிர்நாட்டு மரம், நம் பக்கம் விளைவதில்லை. அதைப் பற்றி மூவூரில் ஒரு கருத்தும் பதிவாகவில்லை. பங்கு குறைந்த பலகையைப் பற்றியே சண்டை முழுவதும் நடக்கிறது. அந்தப் பலகையும் வாசிக்கும்போது வயிற்றோடு ஒட்டிக்கிடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

கிடைத்த தரவுகளிலிருந்து ஒரு விதி வகுக்கலாம்: கருத்தின் உறுதி, அக்கருவியைத் தொட்டிருந்த நேரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். ஒருமுறை கூடத் தொடாதவரிடம் அது முழுமை எய்தும். நண்பரின் கிட்டாரை ஒரு மாலை வாசித்தவர், “நல்லாத்தான் இருக்கு, ஆனா...” என்று இழுப்பார். சொந்தமாக வைத்திருப்பவர் தவணைத் தேதியைப் பற்றி மட்டும் பேசுவார்.

லங்காஸ்டர் ஆய்வை இங்கே மறுபடி நடத்திப் பார்க்க அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைப் போல் தோதான இடம் உலகில் வேறு இல்லை. வெல்டிங் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. எந்திரம் வந்திறங்கிய பேலட்டுகள் கேட் ஓரம் குவிந்து கிடக்கின்றன. அட்டைப்பெட்டிக்குச் சொல்லவே வேண்டாம். மங்கிய வெளிச்சத்தை மின்வாரியத்திடம் விட்டுவிடலாம். மூன்று கட்சியாரிடமும் ஒப்புதல் கேட்கப்பட்டது. அம்பத்தூரார் முதலில் வரைபடம் காட்டச் சொன்னார்கள். ஆவடியார் ஞாயிறு தவிர எந்த நாளும் சரி என்றார்கள். பூந்தமல்லியார் வேன் வாடகை யார் பொறுப்பு என்றார்கள். நாற்பது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கிட்டார் கற்றுத்தரும் மாஸ்டர் ஒருவர் மட்டும் பெருந்தன்மையோடு உடனே சம்மதித்தார்.

“கண்ணைக் கட்டுங்க தம்பி, பரவால்ல. எது ஈட்டின்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க.”