உள்ளே விட்ட துணி: பேறுகால உடையும் வேலைக்குப் போகும் தாயின் மனநிலையும் குறித்த ஓர் ஆராய்ச்சி

ஜாக்கெட்டின் இரு பக்கமும், அக்குளிலிருந்து இடுப்பு வரை, யார் கண்ணிலும் படாமல் உள்ளே மடிந்து கிடக்கும் ஓர் இஞ்சுத் துணியே இந்த ஆய்வின் பொருள். தமிழ்நாட்டில் தையல் கடைக்குப் போகும் பெண் கழுத்து இறக்கம், கை நீளம், லைனிங் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, படியிறங்கும்போது திரும்பி ஒன்று சொல்வாள்: "உள்ள கொஞ்சம் துணி விட்டுத் தைங்க." தையல்காரர் ஏன் என்று கேட்பதில்லை. எப்போது தேவைப்படும், மருத்துவச் சான்று உண்டா, மேலதிகாரியின் ஒப்புதல் வாங்கியாயிற்றா என்றும் கேட்பதில்லை. தலையாட்டிவிட்டு அடுத்த ஜாக்கெட்டுக்குப் போய்விடுவார். பேறுகால உடை பற்றி எழுதுவோர் கடையில் விற்பதைப் பட்டியல் போட்டுவிட்டு நகர்கிறார்கள். வேலைக்குப் போகும் தாயின் மனநிலை பற்றி எழுதுவோர் துணிக்கடைப் பக்கமே போவதில்லை. இரண்டும் ஒரே பொருள்தான் என்பதும், இரண்டையும் அளக்கத்தக்க அலகு அந்த ஓர் இஞ்சுதான் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. வசதி கருதி இதை உள்துணிக் கோட்பாடு என்று அழைப்போம். மனித உடம்பு மாறும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வேலையைத் தொடங்கும் தொழில் தையல். அலுவலகம் அப்படித் தொடங்கப்பட்டதல்ல.

முதலில் கணக்கு. நல்ல தையல்காரர் பக்கத் தையலை ஒன்றோடு நிறுத்தமாட்டார். அரை இஞ்சு இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று வரிசை ஓட்டுவார். முன்துண்டும் பின்துண்டும் அந்தத் தையலில்தான் சேர்கின்றன. ஆகவே ஒரு வரிசையைப் பிரித்தால் ஒரு பக்கத்தில் அரையும் அரையும் ஒன்று. இரு பக்கமும் சேர்த்துச் சுற்றளவில் இரண்டு இஞ்சு. புதுத் துணி வாங்காமல், கடைக்குப் போகாமல், பிளேடும் பத்து நிமிடமும் இருந்தால் கிடைக்கும் இரண்டு இஞ்சு இது. பாவாடை நாடாவுக்கு இந்தக் கணக்கும் தேவையில்லை. அது ஒன்பது மாதமும் சொன்னபடி கேட்கும். ஐந்தரை மீட்டர் சேலைக்கு அளவு என்ற பிரச்சினையே கிடையாது. மதுரைச் சுங்குடி போன்ற மெல்லிய பருத்திச் சேலையில் கொசுவத்தைச் சற்று இறக்கி, இரண்டு மடிப்பைக் குறைத்துக் கட்டினால் எட்டாம் மாதமும் அடங்கிவிடும். மீதி இடங்களை ஊக்கு பார்த்துக்கொள்ளும். வால்டர் ஹண்ட் என்ற அமெரிக்கர் 1849-இல் காப்புரிமை பெற்று, ஒரு சிறு கடனை அடைப்பதற்காக 400 டாலருக்கு விற்றுவிட்ட பொருள் அது. இன்று அது தமிழ்நாட்டில் தாலிக்கொடியிலும் வளையலிலும் அவசரத்துக்கென்று தொங்குகிறது. (ஹண்ட் அவசரப்பட்டுவிட்டார் என்றே கருதவேண்டும்.) பேறுகால அலமாரியின் அடிப்படை என்ன என்று கேட்டால் விடை இவ்வளவுதான்: உள்துணி, நாடா, கொசுவம், ஊக்கு. நான்குமே தளர்த்த முடிந்தவை, நான்குமே பிறகு பழையபடி இறுக்க முடிந்தவை.

இந்த வசதி இல்லாத நாடுகள் என்ன பாடுபட்டன என்பதையும் பார்க்கவேண்டும். லித்துவேனியாவிலிருந்து நியூயார்க் வந்து தையல் தொழிலில் இறங்கிய லீனா பிரையன்ட், கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், கர்ப்பிணிகள் வெளியே போட்டுக்கொண்டு போகத்தக்க கவுனை இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தார். உடை நன்றாக விற்றது. விளம்பரத்தைத்தான் எந்தப் பத்திரிகையும் வாங்கவில்லை. 1911-இல் நியூயார்க் ஹெரால்டு ஒருவழியாக இணங்கியது. பிறகு 1938-இல் டல்லஸ் நகரத்தில் எல்சி ஃபிராங்ஃபர்ட், கர்ப்பிணியாக இருந்த தன் சகோதரிக்காக, பாவாடையின் முன்பக்கத்தில் வயிற்றுக்கென்று ஒரு சன்னலையே வெட்டினார். அதுவே பேஜ் பாய் என்ற நிறுவனமாக வளர்ந்தது. இரண்டும் பெரிய சாதனைகள், மறுப்பதற்கில்லை. ஆனால் கூர்ந்து பார்த்தால், அளவெடுத்துக் கச்சிதமாகத் தைத்த உடைக்குள் உடம்பு அடங்காதபோது ஏற்பட்ட நெருக்கடியின் விளைவுகள் அவை. இறுக்கமாகத் தைத்துவிட்டுப் பிறகு ஓட்டை போடுவது ஒரு முறை. தைக்கும்போதே இடம் விடுவது இன்னொரு முறை. நம் ஊர் அலுவலகங்கள் எந்த முறையைப் பின்பற்றுகின்றன என்பதைக் கீழே காணலாம்.

அலுவலகம் என்றதும் குளிரூட்டிய அறையும் கணினியும் மட்டும் கண்ணில் நின்றால் ஆய்வு பழுதாகும். வயலிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பெண்ணின் பேறுகால உடை சேலைக்கு மேல் போட்ட கணவனின் பழைய முழுக்கைச் சட்டை. வெயிலுக்கும் தூசிக்கும் போடுவது, ஐந்தாம் மாதம் தொடங்கி வயிற்றுக்கும் ஆகிவிடுகிறது. பிள்ளை பிறந்ததும் பழைய சேலை தூளியாகி, வேலை நடக்கும் இடத்திலேயே மரக்கிளையில் தொங்குகிறது. குழந்தைகள் காப்பகம் என்று சட்டம் பின்னாளில் எழுதிவைத்ததை அவள் ஒரு முடிச்சில் செய்துகொண்டாள், வேறு வழியில்லாமல். துணிக்கடை விற்பனைப் பெண்ணின் நிலை இதைவிட விசித்திரமானது. அவளுக்கு எதிரே அலமாரி முழுக்கத் தளர்வான உடைகள். அவளோ சீருடைச் சேலையில், பகல் முழுக்க நின்ற காலில். வேலைநேரத்தில் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழ்நாடு திருத்தியது 2021-இல்தான். எழுபத்து நான்கு ஆண்டுகள் ஒரு நாற்காலிக்கு இடம் விடாமல் தைத்திருந்த சட்டம் அது.

இனி விடுப்பு. 1961-இல் வந்த மகப்பேறு நலச் சட்டத்தை 2017-இல் திருத்தி, 12 வாரத்தை 26 வாரமாக்கினார்கள். 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதே 26-ஐ வைத்துக்கொண்டது. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2011-இல் ஆறு மாதம், 2016-இல் ஒன்பது மாதம், 2021-இல் பன்னிரண்டு மாதம் என்று ஏற்றிக்கொண்டே வந்தது. துணி நீளம்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் 26 வாரத்தை எப்படிப் பிரிப்பது? பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் எட்டு வாரம் எடுக்கலாம். எடுத்தால் பிள்ளைக்கு மிஞ்சுவது 18 வாரம், அதாவது நான்கு மாதம் சொச்சம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அரசு மருத்துவமனைச் சுவரும் சொல்கிறது. ஆக, வயிற்றுக்கு விட்ட வாரம் பாலுக்குக் கிடையாது. கால் வீங்கி, செருப்புப் பட்டை ஏறாமல், ஒன்பதாம் மாதமும் பஸ் பிடித்து வேலைக்கு வருகிற பெண்ணைப் பார்த்து அவளது கடமையுணர்வை மெச்சுகிறவர்கள் இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. அவள் முன்பக்கத் துணியைப் பின்பக்கத்துக்கு மிச்சம் பிடிக்கிறாள். அவ்வளவுதான்.

உணர்ச்சிக்கு வருவோம். பால் இறங்குவது ஆக்சிடோசின் என்ற சுரப்பின் வேலை. குழந்தை வாய்வைத்தால்தான் அது சுரக்கும் என்பதில்லை. குழந்தையின் அழுகை கேட்டால், முகம் நினைவுக்கு வந்தால், சில சமயம் வேறு எவர் வீட்டுப் பிள்ளையோ அழுதால்கூடப் போதும். பகல் பதினொன்றரை மணிக் கூட்டத்தில் காலாண்டு விற்பனை பற்றி யாரோ பேசிக்கொண்டிருக்க, ஒரு கைபேசியிலிருந்து மழலைக் குரல் ஒலித்தால், ஒரு ஜாக்கெட் நனைகிறது. மற்ற உணர்ச்சிகளை முகத்தில் மறைத்துவிடலாம். இதற்கு வேண்டியது அடர்பூப் போட்ட துணி, இரட்டை லைனிங், மார்பின் குறுக்கே அகலமாக இழுத்துவிட்ட முந்தானை அல்லது துப்பட்டா. வேலைக்குத் திரும்பிய தாய்மார் வெளிர்நிறங்களைத் தவிர்ப்பதை ரசனை என்று எடுத்துக்கொள்வது ஆராய்ச்சிப் பிழை. அதுபோலவே, தையலைப் பிரித்த ஜாக்கெட்டில் பக்கவாட்டில் ஒரு பட்டை மட்டும் வெளுக்காமல் புதுநிறமாகத் தெரியும், பழைய தையலின் ஊசித் துளைகளும் வரிசையாக நிற்கும். அலுவலகத்தில் செய்தியை முறைப்படி அறிவிப்பதற்கு வெகு முன்பே பக்கத்து மேசை அக்கா அதைப் படித்துவிடுவார். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு நெல்லிக்காய்ப் பொட்டலம் வைத்துவிட்டுப் போவார். திரும்பி வரும் நாளின் துயரத்துக்கோ உரிய சின்னம் அளவு ஜாக்கெட். எத்தனையோ வருடமாகத் தையல்காரரிடம் "இதே அளவுக்குத் தைங்க" என்று கொடுத்துவந்த அந்த ஒரு ஜாக்கெட் இப்போது ஏறுவதில்லை. இருக்கையோ, மின்னஞ்சலோ, வேலையின் வேகமோ பழைய அளவிலேயே இவளை எதிர்பார்த்து நிற்கின்றன. "நல்லா ரெஸ்ட் எடுத்தாச்சா?" என்று விசாரிக்கும் ஆண் ஊழியரும் பழைய அளவில்தான் இருக்கிறார்.

இக்கோட்பாட்டுக்கு மறுப்புகள் வரும். நைட்டியை மறந்துவிட்டீர்களே என்பது முதலாவது, நியாயமான கேள்வி. தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் பால் பூத்துக்கும் ரேஷன் கடைக்கும் செல்லுபடியாகும் உடை. பாலூட்ட வசதியாக ஜிப் வைத்தும் வருகிறது. ஆனால் நைட்டி முழுக்க முழுக்கத் தளர்வு, அதனாலேயே அலுவலக வாசலில் அதற்கு அனுமதி இல்லை. முழுத் தளர்வுக்கும் முழு இறுக்கத்துக்கும் நடுவில் காலை எட்டரை மணிக்கு உடை மாற்றுகிறவளின் சிக்கல் நைட்டியால் தீர்வதில்லை. நைட்டியைக் கழற்றும்போதுதான் அது தொடங்குகிறது. குற்றவுணர்ச்சி தாய்மைக்கே இயல்பு, அதைத் துணியோடு முடிச்சுப்போடுவது வலிந்த வாதம் என்பது இன்னொரு மறுப்பு. அப்படியானால் அதே பிள்ளையை அதே நேரத்தில் வீட்டில் விட்டுவிட்டு வரும் தந்தைக்கு அது ஏன் இவ்வளவு பிடிப்பதில்லை? வீட்டில் இருந்தால் வேலைக்கும் வேலையில் இருந்தால் வீட்டுக்கும் கடன்பட்டவளாக அவளை நிறுத்துவது, இரண்டு இடத்திலும் இம்மியும் இடம் விடாமல் தைத்திருப்பதுதான். காப்பகம் இருந்து, நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கச் சட்டம் சொன்னபடி உண்மையிலேயே விடுகிற இடத்தில், இயல்பு என்று சொல்லப்படும் அந்த உணர்ச்சியில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்று துணிந்து சொல்லலாம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் அந்த விதி என்பதையும், நாற்பத்தொன்பது பேரோடு நின்றுவிடும் சிக்கனம் சில முதலாளிகளுக்குக் கைவரக்கூடும் என்பதையும் போகிறபோக்கில் குறித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு முதலாளிகளுடையது: இவ்வளவு விடுப்பை எங்கள் செலவில் கொடுக்கச் சொன்னால் பெண்களை வேலைக்கு எடுக்கவே யோசிப்போம். வெட்கமில்லாத பேச்சுத்தான், ஆனால் கணக்கு பொய்யில்லை. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டின் சம்பள வரம்புக்குள் வருவோருக்குப் பொது நிதியிலிருந்து பணம் வருகிறது. அதற்கு மேல் சம்பளம் வாங்குவோரின் 26 வாரமும் அந்தந்த நிறுவனத்தின் தலையில். இங்கேதான் தையல்காரரின் அறிவு கைகொடுக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் பிரித்தால் ஜாக்கெட் கோணிக்கொள்ளும். கழுத்து ஒருபுறம் இழுக்கும், கொக்கி வரிசை நெளியும். அதனால் எந்தத் தையல்காரரும் ஒரு பக்கம் மட்டும் பிரிப்பதில்லை. சட்டம் பிரித்திருப்பது ஒரே பக்கத்தை. தந்தைக்கு மத்திய அரசு வேலையில் 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை. 26 வாரத்துக்கு எதிரே 15 நாள், அல்லது பூச்சியம். பிள்ளை பெற்றால் ஆணும் சில மாதம் வரமாட்டான் என்று ஆகிவிட்டால், பெண்ணை எடுக்க யோசிக்கிறவர்கள் ஆணை எடுக்கவும் யோசிக்கவேண்டிவரும். எல்லோரையும் பற்றி யோசித்துக்கொண்டு கடை நடத்த முடியாது. செலவைப் பொதுநிதி பகிர்ந்துகொள்வதும் இதே முறைதான், இன்னொரு பக்கத் தையலையும் சமமாகப் பிரிப்பது.

ஆகவே விடுப்பு விதிகளை அடுத்தமுறை திருத்தக் குழு அமைக்கும் அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். வழக்கமான செயலாளர்கள், தொழில்துறைப் பிரதிநிதிகள், சட்ட வல்லுநர்கள் எல்லோரும் இருக்கட்டும். கூடவே பெண்கள் ஜாக்கெட் தைத்து அனுபவமுள்ள தையல்காரர் ஒருவரையும் உறுப்பினராகச் சேர்க்கவேண்டும். வரைவை அவர் கையில் கொடுத்து, இரு பக்கமும் துணி விட்டிருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கச் சொன்னால் போதும். பயணப்படி, தினப்படி உண்டு.