மெடலா, மரவள்ளியா?

கேள்வி: எம்.பி.ஏ. நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. பி.காம்.மில் கோல்டு மெடல் வாங்கியவன் நான். தற்பெருமையாகத் தெரியாமல் அதை எப்படிச் சொல்வது?
– பெயர் வேண்டாம், வெள்ளிமலை, கல்வராயன்மலை.

பதில்: மார்க் ஷீட் அவர்கள் கையிலேயே இருக்கும், அவர்களுக்கும் படிக்கத் தெரியும் (என்று நம்புவோம்). கேட்டால் ஒரே வாக்கியம், அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் நம் மருத்துவக் கல்லூரிகளுக்கே நேர்காணல் உண்டு. மொத்தம் 275 மார்க்கில் 75 அதற்கு. ஆளுக்குச் சராசரியாக மூன்று நிமிடத்துக்கு மேல் ஒதுக்கவில்லை என்ற புகார் 1970-ல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 75 அதிகம்தான் என்றார்கள் நீதிபதிகள். மூன்று நிமிடத்தில் நாம் மாப்பிள்ளையைக்கூட முடிவு செய்யமாட்டோம். அவர்கள் டாக்டரையே முடிவு செய்தார்கள்!

உங்கள் மூன்று நிமிடத்துக்குச் சரக்கு ஊரிலேயே கிடக்கிறது. மரவள்ளி லோடு சேகோ ஆலைக்குப் போனதும், கிழங்கைத் தண்ணீரில் எடை போட்டு, மாவுச்சத்து 'பாயிண்ட்' பார்த்து விலை சொல்வார்களே, அந்தக் கணக்கை விளக்குங்கள். பாயிண்டில் தகராறு வந்தால் யார் பேச்சு எடுபடும் என்று நேர்காணல் செய்பவர்களே அடுத்த கேள்வி கேட்பார்கள். மெடலைக் காட்டினால் 'வாழ்த்துகள்' என்பார்கள். அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.