பரணில் கிடைத்த கறுப்புப் பொருள்: ஓர் அடையாள விசாரணை

கும்பகோணத்துப் பூர்வீக வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது, ஊஞ்சல் சங்கிலிக்கும் உடைந்த அரிக்கேன் விளக்குக்கும் நடுவே ஒரு பொருள் அகப்பட்டது. நிறம் கறுப்பு. கனம், தண்ணீர்க் குடத்தில் பாதி. உச்சியில் இரண்டு ஜோடிக் கொம்புகள். முகத்தில் வட்டமாக, மொழுக்கென்று ஒரு மூடி. வலப்பக்கம் சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. இப்பொருள் யாது என்று அறுதியிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையில் முன்னோர் செய்த நூல் ஏதும் கைக்குக் கிட்டாமையால், வழிநூலாக அன்றி முதல்நூலாகவே இதைச் செய்ய நேர்ந்தது. அவையடக்கம் முற்றிற்று.

முதற்கண் பெரியம்மாவின் கொள்கை. இது காபிக்கொட்டை அரைக்கும் மெஷின் என்பது அவர் துணிபு. சான்றுகள் இரண்டு: கைப்பிடி இருக்கிறது, ஊர் கும்பகோணம். அஃதேல், கொட்டை போட வாயும் பொடி விழ வழியும் எங்கே எனின், "அந்தக் காலத்து மெஷின் அப்படித்தான்" என்று விடையிறுத்தார். இந்த விடையை மறுத்த அறிஞர் இன்னும் பிறக்கவில்லை. எதிர்வீட்டு மாமா, டூரிங் டாக்கீஸ் புரொஜெக்டரின் பாகம் என்றார். அவர் எதைக் காட்டினாலும் அதையே சொல்வார், விட்டுவிடலாம்.

மூன்றாம் நாள், அதே பரணில் பித்தளை அண்டாவுக்குள்ளிருந்து ஒரு ரிசீவர் வெளிப்பட்டது. கொம்புகளின் மேல் வைத்தால் கச்சிதமாக உட்கார்ந்தது. டெலிபோன் என்பது நிறுவப்பட்டது. பெரியம்மா மட்டும் தம் கொள்கையைக் கைவிடவில்லை.

டெலிபோன் என்றால் பழையதா, பழையதுபோல் பண்ணியதா? பளபளவென்று பித்தளையில் செய்து, எங்கள் தாத்தா காலத்தது என்று தலையில் கட்டும் வியாபாரம் நாடெங்கும் நடப்பதால் இக்கேள்வி அவசியமாயிற்று. கட்டைவிரலால் ஓரிடத்தைச் சூடேறத் தேய்த்து முகர்வதே இதற்குரிய சோதனை. ஆஸ்பத்திரி வராந்தா போலக் கார்பாலிக் நெடி வந்தால் பேக்கலைட். லியோ பேக்லண்ட் 1907ல் பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்துக் கண்ட பொருள் அது, நெடி பீனாலுடையது. வீட்டில் ஒன்பது பேர் முகர்ந்தோம். எட்டுப் பேர் நெடி உண்டு என்றனர். ஒன்பதாமவருக்குச் சளி.

அடுத்தது கைப்பிடி. இதில் என் மைத்துனரின் பங்களிப்பை நன்றியுடன் பதிவு செய்கிறேன். பின்புறம் இருந்த இரண்டு திருகாணிகளை அவர் கைக்கொன்றாகப் பிடித்திருந்த வேளையில், நான் கைப்பிடியை வேகமாகச் சுற்றினேன். அவர் பேசிய சொற்கள் ஆய்வேட்டில் இடம்பெறத் தக்கவையல்ல. ஆயினும் ஒன்று தெளிந்தது: உள்ளே மேக்னட்டோ இருக்கிறது. லாட வடிவக் காந்தங்களுக்கு நடுவே கம்பிச்சுருள் சுழன்று மாறுமின்சாரம் தரும் சிறு ஜெனரேட்டர் அது. சுமார் 75 வோல்ட் வரை கிளம்பும். அந்த வேகத்தில்தான் மறுமுனையில் மணி அடிக்கும், அல்லது எக்ஸ்சேஞ்ச் பலகையில் நம் எண்ணுக்கு மேலுள்ள சின்னக் கதவு படக்கென்று விழுந்து ஆபரேட்டரை எழுப்பும். பேசி முடித்ததும் மறுபடி ஒரு சுற்று, இணைப்பை எடுத்துவிடலாம் என்று சொல்ல. பேச்சுக்கான மின்சாரம் இதிலிருந்து வராது. அதற்குப் பக்கத்தில் தனியாக பேட்டரி வேண்டும். மைத்துனர் இவ்விளக்கத்தைக் கேட்கும் மனநிலையில் இல்லை.

அடிப்பாகத்தைத் துடைத்தபோது ஒரு கல்வெட்டு வெளிப்பட்டது. மூன்று ஆங்கில எழுத்துகள்: எஸ், ஐ, ஆர். இங்கே ஆய்வு இரண்டு பள்ளிகளாகப் பிரிகிறது.

மைத்துனர் பள்ளி மூன்றையும் சேர்த்துச் 'சார்' என்று வாசிக்கிறது. டயல் இல்லாமையே இதற்குச் சான்றாம். பெரிய அதிகாரி தம் விரலால் எண் சுழற்றுவாரா? கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றி, "அவனைக் கூப்பிடு" என்பார்; வேலை நடக்கும். ஆகவே இது 'சார்' மேஜையில் இருந்த போன் என்க.

அற்றன்று. டயல் இல்லாமை அதிகாரத்துக்கும் அடையாளம், அதிகாரமின்மைக்கும் அடையாளம். ஒருவரைத் தவிர வேறு யாரோடும் பேச வேண்டாதவனுக்கும் டயல் கொடுக்கமாட்டார்கள். (டயலின் பூர்வோத்தரம் சுவையானது. ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்தவர். சாவு விழுந்த வீட்டு அழைப்பை எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண் போட்டிக் கடைக்கே திருப்பிவிடுகிறாள் என்ற ஆத்திரத்தில், ஆபரேட்டரே வேண்டாத எக்ஸ்சேஞ்சை யோசித்தார் என்பது வழங்கும் கதை. 1891ல் காப்புரிமை பெற்றார் என்பது கதையல்ல. அதன் வழியில் பின்னால் பிறந்ததுதான் டயல்.)

மேலும் எழுத்துகளுக்கு நடுவே புள்ளிகள் உள்ளன. அவை கரப்பான் எச்சம் என்று மைத்துனர் பள்ளி வாதிட்டது. ஈரத்துணியால் துடைத்தும் போகவில்லை, எச்சமாயின் போயிருக்கும். எனவே பாடம் 'எஸ்.ஐ.ஆர்.' என்பதே. விரித்தால் சவுத் இந்தியன் ரயில்வே. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அந்த ரயில்வே 1951 ஏப்ரல் 14 அன்று வேறு இரண்டு ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. ஆகவே பொருள் அதற்கு முந்தியது. பேக்கலைட்டில் வார்த்த, ரிசீவர் குறுக்கே படுக்கும் இந்த வடிவமோ 1930களின் தொடக்கத்தில் நார்வே ஓவியர் ஜீன் ஹைபெர்க் எரிக்சன் கம்பெனிக்கு வரைந்ததன் வழிவந்தது. இடையில் உள்ள ஏறத்தாழ 20 ஆண்டுகளே இதன் காலம். சங்க இலக்கியக் காலத்தைக்கூட இவ்வளவு நெருக்கமாக யாரும் நிர்ணயித்ததில்லை.

இனி இதன் உத்தியோகம். ஸ்டேஷனுக்கும் லெவல் கிராசிங் கேட்டுக்கும் இடையே இத்தகைய கைசுற்று போன்கள் நெடுங்காலம் வேலை செய்தன. வண்டி வருகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர் சுற்றுவார். கேட்டை மூடிவிட்டு கேட்மேன் ஒரு பிரைவேட் நம்பர் சொல்வார். அந்த நம்பரை எழுதிக்கொள்வதே மூடியதற்கு அத்தாட்சி. ஒருமுறை சொன்ன நம்பரை அடித்துவிட வேண்டும். மறுபடி சொல்லக் கூடாது. இப்படி இருவர் மட்டுமே பேசும் கம்பியில் டயலுக்கு என்ன வேலை? மொழுக்கென்ற முகம் இப்போது பொருள் விளங்கி நின்றது. முதல்நூல் செய்தவனுக்கு உண்டாகும் பெருமிதம் எனக்கும் உண்டாயிற்று.

அப்போதுதான் பெரியம்மா, பெரிய தாத்தா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து 1950ல் ரிட்டயர் ஆனவர் என்பதை நினைவூட்டினார். பிரிவுபசாரத்தில் அவருக்குக் கொடுத்தவை ஒரு சந்தன மாலையும் ஒரு வெள்ளித் தட்டும் மட்டுமே என்பதும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கூடத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. மைத்துனர் வாசற்கதவைச் சாத்தினார்.

பிறகு குடும்பத்தார் கூடி, சான்றுகளை மறுபடி சீர்தூக்கி, ஒருமனதாக வெளியிடும் முடிபு வருமாறு: மேற்படி பொருள் காபிக்கொட்டை அரைக்கும் மெஷின். அந்தக் காலத்து மெஷின் அப்படித்தான்.