காணாமல் போன அறுபது நிமிடம்: கூட்டுறக்கம் குறித்து ஓர் ஆய்வு

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எவ்வளவு ஓடியாட வேண்டும், எவ்வளவு தூங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பிறந்ததிலிருந்து மூன்று மாதம் வரை நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம். ஒரு வயது முதல் இரண்டு வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 11 முதல் 14 மணி நேரம். இரண்டும் தனித்தனி வரிகளில் அச்சானதால் அவற்றைக் கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை போலும். நாம் கூட்டுவோம். கைக்குழந்தையும் இரண்டு வயதுப் பிள்ளையும் உள்ள வீட்டில், குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும், 14ம் 11ம் 25. நாளுக்கோ 24 மணி நேரம்தான். ஒன்பது நாற்காலியில் பத்துப் பேர் உட்கார்ந்தால் யாரோ ஒருவர் மடியில் இன்னொருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது போல, நாளில் ஒரு மணி நேரமாவது இரண்டு பிள்ளைகளும் ஒரே சமயத்தில் தூங்கியே தீர வேண்டும். இதற்குத் தாயின் சாமர்த்தியமோ பாட்டியின் கைமருந்தோ தேவையில்லை. ஒன்றாம் வகுப்புக் கூட்டல் போதும். அதிக அளவை எடுத்தால் 17ம் 14ம் 31. அப்போது ஏழு மணி நேரம் மிஞ்சுகிறது. இந்த மிச்சத்துக்கு, வசதிக்காக, கூட்டுறக்கம் என்று பெயரிடுகிறேன். (மூத்த பிள்ளைக்கு மூன்று வயது ஆகிவிட்டால் அதே வழிகாட்டியில் குறைந்த அளவு 10 மணி நேரமாகிவிடும், கூட்டினால் சரியாக 24, கூட்டுறக்கம் பூஜ்யம். பிள்ளைகளுக்கு நடுவே மூன்றாண்டு இடைவெளி நல்லது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்ததாகத் தெரியவில்லை.)

ஆனால் இப்படிப்பட்ட எந்த வீட்டில் விசாரித்தாலும், அந்த ஒரு மணி நேரத்தைக் கண்ணால் கண்டவர் இல்லை. “ரெண்டும் சேர்ந்து தூங்குதா? அந்தக் கொடுப்பினை நமக்கு ஏது?” என்பதுதான் பதில். அப்படியானால் மூன்றில் ஒன்று உண்மையாக வேண்டும். வழிகாட்டி தவறு, அல்லது கூட்டல் தவறு, அல்லது அந்த அறுபது நிமிடத்தை யாரோ எடுத்துக்கொள்கிறார்கள். முதலிரண்டையும் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை. மூன்றாவதைத்தான் இங்கே நிறுவப் போகிறேன். எடுத்துக்கொள்பவர்கள் பிள்ளைகள் அல்லர். அந்த நேரத்துக்காகத் தவம் கிடக்கும் பெரியவர்களேதான்.

முன்னோர் இதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று பார்ப்பது ஆய்வு மரபு. தமிழில் குழந்தைக்கென்றே ஓர் இலக்கிய வகை இருக்கிறது. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள். மூன்றாவதாக வரும் தாலில் குழந்தையைத் தூளியிலிட்டு நாவசைத்துப் பாடுகிறார்கள். தால் என்றால் நாக்கு, தாலாட்டு அதில் பிறந்தது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களில் ஒன்று சிறுபறை; அதில் பிள்ளையின் கையில் ஒரு சின்னப் பறையைக் கொடுத்து, முழக்கு முழக்கு என்று புலவரே கெஞ்சுகிறார். தாலுக்கும் சிறுபறைக்கும் நடுவே எத்தனை பருவம் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். பாட்டுடைத் தலைவர் ஒருவரே என்பதால் இந்த ஏற்பாடு செல்லுபடியாகிறது. தால் பருவத்தில் ஒன்றும் சிறுபறைப் பருவத்தில் ஒன்றும் ஒரே கூடத்தில் இருந்தால் என்ன செய்வது என்பதற்கு இலக்கணத்தில் விதி இல்லை. பெண்பால் பிள்ளைத்தமிழில் பறைக்குப் பதில் கழங்கு, அம்மானை, ஊசல் என்று மென்மையாக வருகிறது. ஐந்து கழங்கையும் எவர்சில்வர் தட்டில் போட்டு ஆட்டும் பெண்பிள்ளையை அந்தப் புலவர்கள் பார்த்ததில்லை.

சத்தத்தின் மேல் பழி போடுவது எளிது. எழக்கூடிய முதல் ஆட்சேபமும் அதுதான்: குக்கர் விசில், மிக்ஸி, தெருவில் போகும் பழைய இரும்பு பேப்பர் வண்டியின் ஒலிபெருக்கி ஆகியவை இருக்க, பெரியவர்களை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும்? சத்தம் குழந்தையை எழுப்புகிறது என்பது நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு என்பதே என் பதில். கருப்பை ஓர் அமைதியான இடமல்ல. தாயின் இதயத்துடிப்பு, ரத்த ஓட்டம், குடல் இரைச்சல், வெளியே நடக்கும் வாக்குவாதம் எல்லாம் உள்ளே கேட்கும். ஆறாம் மாதத்தை ஒட்டியே சிசு ஒலிக்கு அசையத் தொடங்கிவிடுகிறது. அத்தனை கூச்சலில் மாதக்கணக்காக உறங்கிப் பழகியதற்கு ஒரு குக்கர் எம்மாத்திரம்? ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு போகும் புறநகர்ப் பேருந்தில் மடியில் அயர்ந்து தூங்கும் குழந்தை, வண்டி டீ குடிக்க நின்று எஞ்சின் அணைந்ததும் வீரிடும். தவிலும் நாகஸ்வரமும் கெட்டிமேளம் கொட்டும்போது அசையாமல் கிடப்பது, எல்லாரும் பந்திக்குப் போனபின் கண் விழிக்கும். தூளியின் ஸ்பிரிங் கிறீச் கிறீச் என்று கத்தும்வரை தூங்கும். எண்ணெய் விட்டால் போச்சு. ஆக, எழுப்புவது சத்தமல்ல, சத்தம் நிற்பது. வீட்டில் வலுக்கட்டாயமாக அமைதியை உண்டாக்குகிறவர் எவரோ அவரே முதல் சந்தேக நபர்.

இங்கே மூத்த பிள்ளையின் வழக்கைப் பிரித்து எடுத்து விசாரிக்க வேண்டும். ஏனெனில் வீட்டார் எல்லாரும் அதன் மேல்தான் கைகாட்டுகிறார்கள். இரண்டு வயதில் ஒருவர் ‘பெரியவன்’ என்று அழைக்கப்படத் தொடங்குவதே ஒரு கொடுமை. அது வேறு கட்டுரைக்கு உரியது. நடப்பதைக் கிட்டத்தில் இருந்து பாருங்கள். பிள்ளை பொம்மைக் காரைத் தரையில் ஓட்டிக்கொண்டிருக்கிறது. தூளிப் பக்கம் அதன் நினைப்பே இல்லை. அப்போது ஒரு பெரியவர் வாயில் விரல் வைத்து, “ஷ்ஷ்! பாப்பா தூங்குது” என்கிறார். இது உத்தரவு என்பது சொன்னவர் எண்ணம். கேட்ட பிள்ளைக்கு இது செய்தி. செய்தி என்றால் சரிபார்க்க வேண்டும். கார் கைவிடப்படுகிறது. பிள்ளை நுனிக்காலில் நடந்து வருகிறது. நுனிக்கால் என்பது அதன் அகராதியில் குதிகாலை ஓங்கி வைப்பது. சேலையின் ஓரத்தை இரு கையாலும் விலக்குகிறது. மூக்கோடு மூக்கு வைத்து, வீட்டின் ஐந்து அறைக்கும் கேட்கும் ரகசியக் குரலில், சம்பந்தப்பட்டவரிடமே கேட்கிறது: “பாப்பா, தூங்குறியா?” பதில் வராததால் இமையை விரலால் திறந்து பார்க்கிறது. சொன்னதை அப்படியே நம்பாமல் நேரில் போய்ச் சோதித்தது அது ஒன்றுதான். அடி வாங்குவதும் அதுவே. ஆனால் அந்த ‘ஷ்ஷ்’ இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்கே தேவை எழுந்திருக்காது.

‘ஷ்ஷ்’ சொல்பவர்களைவிட ஆபத்தானவர்கள் சொல்லாமல் பார்க்க வருபவர்கள். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, சலனம் நிறைந்த உறக்கம்: முகம் சுளிக்கும், முனகும், கால் உதைக்கும், மூடிய இமைக்குள் கண்மணி ஓடும், உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போகும். சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இந்த விரைகண்ணசைவு உறக்கத்தை 1953இல் உலகுக்கு அறிவித்தார்கள். அதற்கு முன் அசெரின்ஸ்கி பார்த்துக்கொண்டிருந்தது தூங்கும் குழந்தைகளின் கண்களைத்தான். நம் ஊர்ப் பாட்டிகள் இதற்கு முன்பே “நரி விரட்டுது” என்று விளக்கம் சொல்லி, அத்தோடு விட்டுவிட்டார்கள். நரிக் கோட்பாட்டின் அருமை அந்த விட்டுவிடுவதில் இருக்கிறது. நரி தானே போய்விடும், குறுக்கிட வேண்டியதில்லை. படித்த பெற்றோர் நரியை நம்புவதில்லை. முனகினால் பசி, சுளித்தால் வயிற்றுவலி என்று பாய்ந்து தூக்குகிறார்கள். தூக்கியதும் குழந்தை உண்மையிலேயே விழித்துக்கொள்ள, “நான் சொன்னேன்ல, முழிச்சிட்டான்” என்பது ஆதாரமாகிவிடுகிறது. முனகாமல் கிடந்தால் இன்னும் மோசம்; மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் நீளும். பெருங்காயம் இடித்த விரலாக இருக்கும்.

இன்னொரு சான்று நம் விலக்குகளில் கிடைக்கிறது. தூங்கும் பிள்ளையை உற்றுப் பார்த்து ரசிக்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்பார்கள். வெறும் தூளியை ஆட்டாதே, பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்பதும் இதே சட்டத் தொகுப்பில் அடுத்த பிரிவு. பின்னது மூத்ததுக்காக இயற்றப்பட்டது என்பது வெளிப்படை. தூளி காலியானதும் ஊஞ்சலாட வருவது அதுதான். முன்னது யாருக்காக? நடைபழகும் பிள்ளைக்குத் திருஷ்டி பற்றிய அச்சம் கிடையாது. ஆகவே தூங்கும் குழந்தையைப் போய்ப் பார்த்துக்கொண்டே நின்று எழுப்பிவிடும் பெரியவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள், அவர்களைத் தடுக்கவே கண்ணேறு என்ற காவலரை நியமித்தார்கள் என்று கொள்வதில் தவறில்லை. கைப்பேசி வந்தபின் அந்தக் காவலருக்கு வேலை போய்விட்டது. துபாயிலிருக்கும் அப்பா வீடியோவில் கேட்கிறார்: “தூங்குறானா? எழுப்பாத, சும்மா காட்டு.” காட்டுவதற்குத் தூளியை விரிக்க வேண்டும், விளக்கைப் போட வேண்டும்.

மூன்றாவது சான்று ஜப்பானிலிருந்து வருகிறது. ரிக்கன் ஆய்வு நிறுவனத்தின் குமி குரோடா குழுவினர் 2022இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள்: அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் அடங்கும், தூங்கியபின் உடனே கிடத்தாமல் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தால் கிடத்தும்போது விழிக்கும் வாய்ப்புக் குறைவு. குழந்தை உலுக்கப்படுவது படுக்கையைத் தொடும்போது அல்ல, தாயின் உடம்பை விட்டு விலகத் தொடங்கும் நொடியில். மெல்ல வைக்காமல் சரித்துவிட்டால் கை இரண்டையும் விரித்துத் திடுக்கிடும். ஹைடல்பெர்க் மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ 1918இல் விவரித்து, அவர் பெயராலேயே வழங்கும் அனிச்சை இது. இதில் நமக்கு வேண்டியது அந்த எட்டு நிமிடம். கூட்டுறக்கத்தின் மேல் பேராசை கொண்ட பெரியவரால் எட்டு நிமிடம் உட்கார முடிவதில்லை. மூத்தது சோபாவில் கண் சொருகிவிட்டது, இதையும் கிடத்திவிட்டால் குளித்துவிடலாம் என்று மனம் அடித்துக்கொள்ள, மூன்றாம் நிமிடமே கிடத்துகிறார். ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப்போய் அறுபதையும் இழக்கும் இந்த வியாபாரம் தினமும் நடக்கிறது.

கூட்டுக்குடும்பத்தில் ஆள் அதிகம், ஆகவே கூட்டுறக்கமும் அதிகம் என்று வாதிடலாம். மேலே சொன்னதை ஏற்றால் முடிவு தலைகீழாகும். ஆறு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு குழந்தையின் மூச்சு ஆறு முறை சோதிக்கப்படும். இன்னும் வலுவான ஆட்சேபம் இரவைப் பற்றியது. பின்னிரவு மூன்று மணிக்கு இரண்டும் தூங்குகின்றனவே, அது கூட்டுறக்கம் இல்லையா? ஒப்புக்கொள்கிறேன், பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரம் ஒளிந்திருப்பது அங்கேதான். ஆனால் அப்போது பெரியவர்களும் பிணம்போல் கிடப்பதால், அது காட்டில் எறித்த நிலா. கணக்குக்கு உண்டு, யாருக்கும் பயனில்லை.

பகலில் இரண்டையும் ஒரே நேரத்துக்குப் பழக்கலாமே என்பது கடைசி ஆட்சேபம். பழக்கும் முறை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். மதியம் ஒன்றரைக்குத் தாய் பாயில் படுக்கிறாள். இடப்பக்கம் மூத்தது, அதன் முதுகில் அவள் கை. தலைமாட்டுப் பக்கம் இருந்தால் கதவு இடிக்கும் என்று கால்மாட்டில் தூளி. அதிலிருந்து வரும் கயிறு அவள் கால் பெருவிரலில். ஒரு ஊரிலே ஒரு ராஜா என்று கதை தொடங்குகிறது. ராஜா வேட்டைக்குக் கிளம்பும்போதெல்லாம் தூளி சிணுங்குகிறது. மூத்தது “மொதல்லேருந்து” என்கிறது. ராஜா மறுபடி ஊருக்குள் வருகிறார். நான்காம் முறை ராஜா குதிரையில் ஏறுகிறார், அதன்பின் சத்தம் இல்லை. முதலில் தூங்கியது கதை சொன்னவள். “அம்மா, ராஜா எங்க?” என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, கேட்பாரில்லாததால் மூத்ததும் அவள் சேலையை இழுத்துப் பிடித்தபடி தூங்கிப்போகிறது. தூளியில் சின்னது முகத்தைச் சுளிக்கிறது, முனகுகிறது, தூக்க ஆளில்லை, நரி வந்த வழியே போய்விடுகிறது. கூட்டலில் வந்த மிச்சம் பட்டப்பகலில், முழுசாக, அந்தக் கூடத்தில் கிடக்கிறது. பெருவிரல் மட்டும் இன்னும் கொஞ்சம் அசைந்துகொண்டிருக்கிறது. இரண்டே கால் ஆகிறது. வாசலில் சிலிண்டர்க்காரர் காலிங்பெல்லை அழுத்துகிறார். தாய் மட்டும் பதறி எழுந்து, கயிறு விரலில் இருப்பதை மறந்து, கதவை நோக்கி ஓர் எட்டு வைக்கிறாள்.