ஆர்லாண்டோவின் வதந்திப் பருவம்

1965-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ நகரையொட்டிய சதுப்பு நிலங்களை யாரோ சத்தமில்லாமல் வாங்கிக் குவிப்பது தெரிந்ததும், வாங்குபவர் ஃபோர்டு என்று ஒரு சாராரும், கோடீசுவரர் ஹோவர்டு ஹியூஸ் என்று மறுசாராரும் அடித்துப் பேசினர்; ஆதாரம் இல்லாமை ஒன்றே இரு சாராருக்கும் பொதுவாக இருந்தது. பத்திரங்களைப் புரட்டியவர்களுக்கோ பெயரளவு நிறுவனங்களே, அதாவது உண்மையான முதலாளியை மறைப்பதற்கென்றே பதிவுசெய்யப்படும் காகித நிறுவனங்களே, அகப்பட்டன. அவற்றுள் ‘அய்ஃபோர்’ என்பது அவ்வழியே செல்லும் ஐ-4 நெடுஞ்சாலையின் பெயரை ஒலித்தபடியே எழுதியது என்பதால், ரகசியம் காத்தவர்களுக்குக் குறும்பும் கொஞ்சம் இருந்திருக்கிறது. உள்ளூர் நாளிதழின் செய்தியாளர் எமிலி பவார் கலிபோர்னியாவுக்குச் சென்று வால்ட் டிஸ்னியிடமே கேட்டபோது, அவர் மழுப்பிய விதம் ஒப்புதல் வாக்குமூலத்தைவிடத் தெளிவாக இருந்ததால், வாங்குபவர் டிஸ்னியே என்று அக்டோபரிலேயே அந்நாளிதழ் மர்மத்தை உடைத்தது; அரசின் முறையான அறிவிப்பு, ஊரறிந்த செய்தியை ஊருக்கே சொல்லும் மரபின்படி, நவம்பரில் வந்தது. அதற்குள் ஏக்கருக்குச் சராசரியாக 200 டாலர்கூடத் தராமல் ஏறத்தாழ 27,000 ஏக்கர் கைமாறியிருக்க, ‘அப்போதே நினைத்தேன்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மட்டும் விற்றவர்களிடம் இலவசமாக எஞ்சியது. அந்நிலத்தில் 1971-இல் திறந்த டிஸ்னி கேளிக்கைப் பூங்காவின் முதன்மைத் தெரு சன்னல்களில் அக்காகித நிறுவனங்களின் பெயர்கள் இன்றும் எழுதப்பட்டுள்ளன. பார்க்க நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்.